காகிதம் இல்லாத தரை

அறந்தாங்கியில் ஒரு கூடத்தின் தரைக்குக் காகிதம் கேட்டார்கள். கேட்டவர்கள் அந்தத் தரையின் மீதுதான் நின்றுகொண்டிருந்தார்கள். இருந்தும், காகிதம் இல்லாத தரையைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றார்கள். தாலுகா ஆபீஸ் பதிவறையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். செத்துப்போனவர் உயிரோடிருப்பதாகவும், உயிரோடிருப்பவர் செத்துப்போனதாகவும் சொல்லும் காகிதங்களைக் கையால் தொட்டிருக்கிறேன். தரைக்கு ஒன்று வேண்டுமென்று யாரும் வந்து நின்றதில்லை.

கூடம் என் பக்கத்து வீட்டுக்காரருடையது. தெருவில் அவரைச் சபுராளி என்பார்கள்; கடல் கடந்து சம்பாதிக்கிறவர் எல்லாருக்கும் இங்கே அதுதான் பெயர். இருபது வருஷத்துக்கு மேல் வளைகுடாவில் இருந்துவிட்டு, போதும் என்று வந்தவர். ஒவ்வொரு விடுமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய கட்டடம் அது. கீழ்க்கூடத்தை வெளிநாட்டுக் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் ஒரு கம்பெனி ஆபீசுக்குக் கேட்டிருந்தது. கம்பெனி வந்தால் அவர் ஊரில் இருக்கலாம். வராவிட்டால் பழைய முதலாளியிடமே திரும்ப வேண்டும். மாதக் கடைசி வரை அவருடைய வேலையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக அந்த அரபி சொல்லியிருந்தான்.

கம்பெனி போட்ட நிபந்தனைகளில் ஒன்றுதான் கூத்தைத் தொடங்கி வைத்தது. தளத்துக்கு அடியில் மாட்டும் கூரைப் பலகை, தரை, தடுப்புச் சுவர், மூன்றுக்கும் 'ஈபிடி' வேண்டும். ஒரு பொருளைச் செய்வதற்குள் காற்றுக்கும் தண்ணீருக்கும் மண்ணுக்கும் எவ்வளவு கேடு ஆகிறது என்று, செய்த கம்பெனியே கணக்கிட்டு வெளியிடும் அறிக்கைக்கு அந்தப் பெயர். வெளியாள் ஒருவர் சரிபார்த்திருப்பார். ஐந்து வருஷம்தான் செல்லும்.

ஒரு திங்கட்கிழமை காலை சென்னையிலிருந்து ஆலோசகர் வந்தார். பசுமைக் கட்டட ஆலோசகராம். ஐந்து பேர் உட்காரும் காரின் பின்சீட்டில் தனியாக வந்து, எஞ்சினையும் ஏசியையும் அணைக்காமல் டிரைவரை வெளியே நிற்கவைத்துவிட்டு, உள்ளே வந்து பூமியைக் காப்பாற்ற ஆரம்பித்தார். கூரை வேலை செய்த ஆலங்குடிக்காரரும் இருந்தார். சபுராளியோடு வளைகுடாவில் ஒரே அறையில் தங்கி, அங்கே பெரிய பெரிய கட்டடங்களுக்குக் கூரை மாட்டியவர். கூரைக்கும் தடுப்புக்கும் அறிக்கைகளைக் கடைக்காரரிடமே கேட்டு வாங்கி வைத்திருந்தார். ஆலோசகர் அவற்றைப் புரட்டிவிட்டுக் கீழே பார்த்தார்.

"ஃப்ளோருக்கு ஈபிடி எங்க?"

"அது கல்லுங்க சார்" என்றார் ஆலங்குடிக்காரர். "புதுக்கோட்டைக்கு மேற்க வெட்டுன கல்லு. நம்ம பாய் இந்தத் தரையப் போட்டு எட்டு வருசமாச்சு."

"டாக்குமெண்ட் இல்லாட்டி அதோட இம்பேக்ட் என்னன்னு தெரியாது. தெரியாததை நான் ஃபைல்ல வைக்க முடியாது."

"கல்லு என்னைக்குப் பொறந்துச்சுன்னு மலைகிட்டதான் சார் கேக்கணும். கேட்டுச் சொல்லவா?"

ஆலோசகர் சிரிக்கவில்லை. கல்லின் மீது வினைல் ஒட்டிவிடச் சொன்னார். வினைல் என்றால் மரம் போல அச்சடித்த பிளாஸ்டிக் விரிப்பு. கப்பலில் வருவது. அதற்கு ஈபிடி உண்டு என்றார். அடுத்த வாரம் புதன்கிழமை கம்பெனி ஆட்கள் பார்க்க வருவார்கள், அதற்குள் முடித்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, அறந்தாங்கியில் நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

கோப்பைச் சபுராளி என்னிடம் கொண்டுவந்தார். "நீங்க ஒரு தடவை பாத்துருங்கண்ணே. தேதி கீதி எதுவும் தப்பா இருந்தா ஒங்க கண்ணுக்குத்தான் தெரியும்." கோப்பைத் திறந்தேன். எல்லா அறிக்கையையும் பக்கம் பக்கமாக லேமினேட் செய்திருந்தார். எங்கள் ஊரில் முக்கியமான காகிதம் என்றால் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டே தீரவேண்டும். பூமிக்கு ஆகும் கேட்டைச் சொல்லும் காகிதத்துக்கும் அதே மரியாதை.

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். அறிக்கைகளின் மீது எனக்குக் குறை இல்லை. யாரையும் புகழாமல், ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு புகை, இவ்வளவு தண்ணீர் என்று அடக்கமாகச் சொல்கின்றன. நல்லது என்றோ கெட்டது என்றோ ஓரிடத்திலும் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டு மாதிரிதான். சர்க்கரை எவ்வளவு என்று சீட்டு சொல்லும். சீட்டு கையில் இருப்பதாலேயே ஒருவன் ஆரோக்கியசாலி ஆகிவிடமாட்டான். ஆனால் ஆலோசகர், கடைக்காரர், கம்பெனி, எல்லாருக்கும் சீட்டு இருந்தால் போதும். சர்க்கரை எவ்வளவு என்று ஒருவரும் பார்க்கவில்லை. கடைக்காரர் சேர்த்துக் கொடுத்திருந்த இரண்டு வகைக் கூரைப் பலகைகளின் அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது குறைவு என்று ஒப்பிட்டவர் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். அதனால் ஒரு பயனும் இல்லை. விலை குறைந்ததைத்தான் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது.

அறிக்கைகளின் கடைசிப் பகுதி, தூக்கிப் போட்டபின் அந்தப் பொருள் என்ன ஆகிறது என்பதற்கு. அந்தக் கட்டங்களில் பெரும்பாலும் 'மதிப்பிடப்படவில்லை' என்றே போட்டிருந்தது. நான் மதிப்பிட்டேன். கூரைப் பலகை வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள் கண்மாய்க்கரையில் கிடந்தன. ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின. ஆலோசகரைவிட அவை கவனமாகப் பார்த்தன.

கம்பெனியின் விதிகளும் கோப்பில் இருந்தன. புதிதாகப் போடும் பொருள்களைப் பற்றியே அவை பேசுவதாக எனக்குப் பட்டது. அப்படியானால் எட்டு வருஷத் தரைக்கு எதற்குக் காகிதம்? புதன்கிழமை காலை கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதி, பதில் வரும்வரை எதையும் ஒட்ட வேண்டாம் என்று சபுராளியிடம் சொன்னேன்.

"அந்த சார் வேணும்ங்கிறாரேண்ணே."

"அவரு சொல்றது தப்பா இருக்கும் தம்பி. ரெண்டு நாள் பொறுங்க."

"பேப்பர் இல்லாததுக்கு நீங்க என்ன நியாயம் பேசினாலும் எடுபடாதுண்ணே. ஒரே ஒரு அட்டெஸ்டேஷன் முத்திரை இல்லைன்னு என்னைய அந்த ஊரு ஏர்போர்ட்லேர்ந்து அடுத்த பிளைட்ல திருப்பி அனுப்பினான். நானும் நின்னு நியாயம் பேசினேன். கேட்டானா?"

இந்த ஊரில் பாதி வீடுகள் முத்திரை குத்திய காகிதத்தால் எழும்பியவை. முத்திரை ஒன்று குறைந்ததால் அடுப்பு எரியாத வீடுகளையும் எனக்குத் தெரியும். அப்படி வாழ்ந்தவரிடம், காகிதம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்வது, நடுக்கடலில் படகை விட்டு இறங்கச் சொல்வது போல.

வியாழன் மதியம் ஒரு கல்யாணத்துக்காகக் கட்டுமாவடி போனேன். சனிக்கிழமை காலை திரும்பி, பஸ்ஸை விட்டு இறங்கும்போதே போனில் கம்பெனியின் பதில் வந்திருந்தது. ஏற்கெனவே உள்ள தரைக்கு அறிக்கை தேவையில்லை. புதிதாகப் போட்டால் மட்டும் தேவை. நேரே கூடத்துக்குப் போனேன். வாசலிலேயே பசை நெடி மூக்கில் ஏறியது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு ஆள் வைத்துக் கூடம் முழுக்க வினைல் ஒட்டிவிட்டார். கல் இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் பொய்மரம் பளபளத்தது.

"இதுக்குப் பேப்பர் இருக்குண்ணே" என்றார் சபுராளி. முகத்தில் அத்தனை நிம்மதி. லேமினேட் செய்து வேறு வைத்திருந்தார்.

வாங்கிப் பார்த்தேன். அறிக்கையின் காலம் போன தீபாவளிக்கு முன்னாலேயே முடிந்திருந்தது. கடைக்காரர் பழசை எடுத்துக் கொடுத்திருக்கிறார். புதிது கேட்டுப் போன் செய்தால், வினைல் செய்த கம்பெனி அதைப் புதுப்பிக்கவே இல்லையாம்.

இதுவரை தரைக்குக் காகிதம் தேவைப்படவில்லை. இப்போது தேவை, காகிதமோ காலாவதி. சபுராளிக்கு இதை இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. இரண்டாம் முறை சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். ஆலோசகருக்குப் போன் போட்டேன்.

"டேட்டெல்லாம் யாரு சார் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

"நீங்க பாக்காத மாதிரி இருந்துக்கங்க சார்."

பூமியைக் காப்பாற்றும் உத்தியோகத்தின் மொத்த சாரமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. சபுராளியைப் பார்த்தேன். இனி முடிவு அவருடையது. ஒரு முத்திரைக்காகத் திரும்பி வந்தவர் காலாவதியான காகிதத்தோடு கம்பெனி ஆட்கள் முன்னால் நிற்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆலங்குடிக்காரரைக் கூப்பிட்டு, "பிச்சிருவோம்டா" என்றார்.

ஞாயிறும் திங்களும் பிய்த்தோம். சபுராளியின் மனைவி அண்டா அண்டாவாக வெந்நீர் வைத்துக் கொடுத்தார். ஆலங்குடிக்காரர் சுவருக்குப் பட்டி பூசும் தகட்டால் பசையைச் சுரண்டிக்கொண்டே வந்தார்.

"ஏம் பாய், அரபிக்கிட்ட ஒருநாளாவது இப்புடிக் குனிஞ்சு வேலை பாத்துருக்கீங்களா?"

"அங்கிட்டுச் சம்பளம் குடுத்தான்டா. இங்கிட்டு எம் மடத்தனத்துக்கு நானே குனியிறேன்."

"அண்ணே மட்டும் தேதி பாக்காம இருந்திருந்தா இந்நேரம் பிரியாணி தின்னுக்கிட்டு இருந்திருப்போம்" என்று ஆலங்குடிக்காரர் என் பக்கம் திரும்பினார். எனக்கும் ஒரு தகட்டைக் கொடுத்திருந்தார்கள், குனிந்து சுரண்டினேன். இரண்டு நாள் பதில் வரும்வரை நான் ஊரிலேயே இருந்திருக்கலாம். அந்தக் கல்யாணத்தில் என்னைத் தேடுவார் ஒருவரும் இல்லை.

பிய்த்த வினைலை நகராட்சி வண்டிக்காரர் எடுக்கமாட்டேன் என்றார். கட்டடத்துக்குப் பின்னால் இன்னும் சுருட்டி வைத்தபடி கிடக்கிறது. அறிக்கையில் அந்தக் கட்டத்துக்கு நேரேயும் 'மதிப்பிடப்படவில்லை'தான்.

புதன்கிழமை கம்பெனியிலிருந்து ஒரு அம்மாவும் ஒரு இளைஞரும் வந்தார்கள். கோப்பைப் பார்த்தார்கள். கூரைக்கு எதிரே டிக், தடுப்புக்கு எதிரே டிக். தரைக்கு எதிரே 'முன்பே உள்ளது' என்று அந்த அம்மா எழுதினார். அண்ணாந்து கூரையைப் பார்க்கவில்லை. பசைத் தழும்போடு இருந்த கல்லையும் பார்க்கவில்லை. கூடத்தில் இருந்தது இருபது நிமிஷம். மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில் ஒப்பந்தத்தில் கையெழுத்தானது.

அதற்கு மறுநாளே லாரியில் சுருள் சுருளாகக் கம்பளம் வந்து இறங்கியது. கம்பெனி தன் ஆபீஸ்கள் எல்லாவற்றிலும் அந்த ஒரு நிறத்தில்தான் விரிக்குமாம். கல் மூடிப்போயிற்று. கம்பளத்தோடு வந்த அறிக்கையை வாங்கித் தேதி பார்த்தேன். செல்லுபடியாகிற தேதிதான். திட்டுவதற்குக்கூட ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் சபுராளி வீட்டு வாசலில் நின்று பழைய முதலாளிக்குப் போன் போட்டார். அரபியில் பேசியது எனக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் குரல் ஏறியது, பிறகு கெஞ்சியது. இவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"என்னங்க சொல்றாரு?" என்றார் மனைவி.

"வரலைன்னுட்டேன்."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நாளையிலேர்ந்து காலையில எந்திரிச்சுத் தண்ணி மோட்டார் போடுறது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.