முள்ளை ஒதுக்கியது நான்தான்

அறுபதுகளின் நடுவில், பம்பாயில் மழை ஓய்ந்து தீபாவளியும் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இது நடந்தது. அப்போது நான் தாராவியில் ஒரு குடிசையில் நாலு பேரோடு தங்கிக்கொண்டு, மாதுங்காவில் ஒரு காப்பி ஓட்டலில் மேஜை துடைத்துவந்தேன். திருநெல்வேலிப் பக்கம் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதன்பின் மூன்று வருஷம் ஆடு மேய்த்தேன். ஒரு இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. விடுமுறை கிடைத்தால் ரயில் ஏறி, எங்கே மேடு தெரிகிறதோ அங்கே இறங்கி ஏறிப் பார்ப்பேன். சாப்பாடு இருந்தால் சாப்பிடுவேன், இல்லாவிட்டால் இல்லை.

தினமும் ஆபீஸ் விட்டுக் காப்பி குடிக்க வரும் ஒருவருக்கு என் ஊர்சுற்றலில் ஆசை. பாலக்காட்டுக்காரர், ஏதோ கம்பெனியில் குமாஸ்தா, நாற்பது வயதிருக்கும். திங்கட்கிழமை வந்தால் முதல் கேள்வி, நேற்று எங்கே போனாய் என்பதுதான். செம்பூரைத் தாண்டிக் கழிமுகத்தை ஒட்டி நிற்கும் மலையைப் பற்றி ஒருநாள் சொன்னேன்.

"அங்கேர்ந்து கப்பல் தெரியுமோடா?"

"தெரியும் சாமி. கப்பல், தீவு எல்லாம் தெரியும்."

இதில் பாதி பொய். கோடையில் இரண்டு முறை அந்த மலையின் இடுப்பு வரை போயிருந்தேன். அங்கிருந்து உப்பளங்கள் மட்டும் தெரிந்தன. கடல் முகட்டுக்கு அந்தப் பக்கம். ஆனால் அவர், "இருபது வருஷமா இந்த ஊர்ல கடலைக் கரையில நின்னுதான் பாத்திருக்கேன், மேலேர்ந்து ஒரு தடவை பாக்கணும்" என்று சொன்னபோது, வழி தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஞாயிறு காலை அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் மனைவி ஒரு தூக்குப் பாத்திரத்தில் தயிர்சாதம் கட்டிக்கொடுத்துவிட்டு, "மாடிப்படி ஏறினாலே இவருக்கு மூச்சு வாங்கும். நீ ஒருத்தன்தான் கூடப் போறே, பத்திரமா அழைச்சுண்டு வந்துடு" என்றார். சரி என்றேன். அவர் ஆபீசுக்குப் போடும் தோல் ஷூவையே போட்டுக்கொண்டு வந்திருந்தார். வேறு இல்லை போலிருக்கிறது.

குர்லாவில் வண்டி மாறி மான்குர்டில் இறங்கி நடந்தோம். மலையின் ஒரு பக்கம் அரசாங்க வேலி. நாங்கள் மறுபக்கமாக ஏறினோம். கோடையில் மொட்டையாக இருந்த மலை அடையாளமே தெரியவில்லை. புல் ஆள் உயரம் வளர்ந்து காய்ந்திருந்தது. நான் அடையாளம் வைத்திருந்த பாறைகள் எல்லாம் அதற்குள் மறைந்துவிட்டன. குத்துமதிப்பாக ஏறினேன். அவர் பத்தடிக்கு ஒருமுறை நின்று, "இதான் வழியோ?" என்பார். இதுதான் என்பேன்.

முகட்டுக்குக் கொஞ்சம் கீழே திடீரென்று ஒரு நல்ல பாதை குறுக்கிட்டது. இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் அகலம், மண் தெரியத் தேய்ந்திருந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. அதைப் பிடித்துச் சுற்றிப் போனோம். மலையின் முதுகு திரும்பியதும் காற்று முகத்தில் அடித்தது. பாதையின் கடைசியில் ஆகாயம் மட்டும் தெரிந்தது. அங்கே குறுக்கே ஒரு முள்கொப்பு போட்டிருந்தது, மேலே ஒரு கல் பாரம் வைத்து.

எங்கள் பக்கம் முள்கொப்பு என்றால் ஆட்டுக்கு. வயலுக்குள் ஆடு போகாமல் இருக்க இடைவெளியில் போடுவார்கள், ஆள் வந்தால் ஒதுக்கிவிட்டுப் போய்விடுவான். நானே நூறு முறை அப்படி ஒதுக்கியிருக்கிறேன். யோசிக்கவே இல்லை. கல்லைத் தள்ளி, கொப்பைக் கையால் இழுத்து ஓரத்தில் போட்டேன். முள் இரண்டு இடத்தில் கிழித்தது.

"போங்க சாமி, கடல் வந்துட்டு" என்று அவரை முன்னால் விட்டேன்.

கடல் வந்துதான் இருந்தது. தீவு, பாய்மரப் படகுகள், தூரத்தில் நங்கூரம் போட்ட நாலைந்து கப்பல்கள், எல்லாம் காலடியில் பரப்பி வைத்ததுபோல. அவர் "அடடா" என்று சொல்லிக்கொண்டே இரண்டடி எடுத்து வைத்தார். மூன்றாவது அடிக்கு அவர் அங்கே இல்லை. உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக்கொண்டே போனார். புல் எல்லாம் ஒரே திசையில் கீழ்நோக்கிப் படிந்து, எண்ணெய் தடவினதுபோல் பளபளத்தது. இருபதடிக்குக் கீழே ஒரு புதர் இருந்தது. அதில் ஒரு கால் சிக்கி நின்றார். ஒரு ஷூ மட்டும் மேலும் உருண்டு விளிம்பைத் தாண்டிப் போயிற்று. விழுந்த சத்தம் வரவில்லை. அதற்குக் கீழே மூன்று பனை ஆழம் இருக்கும்.

நான் இறங்கக் காலை வைத்தேன். "ஹலூ நகோ! ஹலூ நகோ!" என்று பக்கத்துச் சரிவிலிருந்து ஒரு பெண் கத்தினாள். அசையாதே என்று மராத்தியில் சொல்கிறாள். அரிவாளோடு மூன்று பெண்கள் ஓடிவந்தார்கள். எருமைத் தொழுவங்களுக்குப் புல் அறுப்பவர்கள். முதலில் வந்தவள் என்னைச் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்து உட்காரவைத்தாள். கட்டுக் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து, ஒரு முனையைப் பக்கத்திலிருந்த மரத்தில் சுற்றினார்கள். முதலில் வந்தவளே வெறுங்காலோடு, அரிவாளைத் தரையில் கொத்திக் கொத்தி, ஓரமாக இறங்கினாள். அவர் அக்குளுக்கடியில் கயிற்றைக் கட்டினாள். மற்ற இரண்டு பேரும் நானும் இழுத்தோம். முழங்கை முழுக்கத் தோல் உரிந்து மேலே வந்து சேர்ந்தார்.

அதன்பின்தான் விஷயம் விளங்கிற்று. அது மனிதர் நடந்துபோகும் வழியே இல்லை. அறுத்த புல்லைக் கட்டாகக் கட்டி அந்த இடத்துக்குச் சுமந்துவந்து கீழே உருட்டிவிடுவார்கள். அடிவாரத்தில் வண்டி நிற்கும். அதற்காகவே தேய்ந்த பாதை. இதற்குமேல் கால் வைக்காதே என்பதற்குத்தான் முள்.

மூச்சு வாங்கி முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "காண்டா கிஸ்னே ஹடாயா?"

முள்ளை எடுத்தது யார் என்கிறாள். கையில் அரிவாள் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், மண்ணில் உட்கார்ந்திருந்தவர் கையைத் தூக்கி, "ஹம்... ஹம் ஹடாயா" என்றார், தான்தான் எடுத்ததாக. அவள் அவரைத் திட்டத் தொடங்கினாள். மராத்தியில் பாதி, ஹிந்தியில் பாதி. ஒற்றை ஷூவோடு தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நான் நின்றேன். இல்லை, நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இறங்கும்போது என் டயர் செருப்பை அவர் போட்டுக்கொண்டார், நான் வெறுங்காலில் நடந்தேன். அடிவாரத்தில் கேட்டேன்.

"ஏன் சாமி அப்படிச் சொன்னீய?"

"விழுந்தவனைத் திட்டறதோட விட்டுடுவா. நீன்னு தெரிஞ்சா அரிவாளோட வந்திருப்பா. ஆத்துல போய், ஸ்டேஷன் படிக்கட்டுல விழுந்தேன்னு சொல்லப்போறேன், நீயும் அதையே சொல்லு."

வீட்டில் அதையேதான் சொன்னோம். அவர் மனைவி நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. என்னையும் உட்காரவைத்துச் சோறு போட்டார். சாப்பிட்டேன், பசிதான் காரணம்.

அடுத்த விடுமுறையில் தனியாக அந்த மலைக்குப் போனேன். அவள் அங்கேதான் அறுத்துக்கொண்டிருந்தாள். முள்ளை ஒதுக்கியது நான்தான் என்று சொன்னேன். அவள் நிமிராமலே சிரித்தாள். அன்றைக்கே தெரியும் என்றாள். அப்படி ஷூ போட்டவர் முள்ளைக் கையால் தொடுவாரா, உன் கையில்தானே ரத்தம் இருந்தது என்றாள். பிறகு, "மூஹ் நஹி ஹை க்யா? பூச்னேகா!" என்று அதட்டினாள். வாய் இருக்கிறதல்லவா, கேட்க வேண்டியதுதானே என்று அர்த்தம். சும்மா நிற்காதே என்று சொல்லி ஏழெட்டுக் கட்டுச் சுமக்க வைத்தாள். வேலை முடிந்ததும் கடல் தெரியும் சரியான வழியை அரிவாளை நீட்டிக் காட்டினாள். காய்ந்த ஓடை ஒன்றின் வழியாகப் பாறை பாறையாகக் கையை ஊன்றி ஏற வேண்டிய வழி. கடினம்தான், ஆனால் வழுக்காது.

மாசி மாதம் அவரை அந்த வழியில் கூட்டிப்போனேன். கான்வாஸ் ஷூ வாங்கியிருந்தார். மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து நெடுநேரம் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பல ஊர்களில் பல வேலை பார்த்தாயிற்று, மலை ஏறுவதையும் விடவில்லை. தெரியாத இடத்தில் வழி கேட்க இப்போது எனக்கு வெட்கம் கிடையாது, அந்தப் பாடம் சுலபமாகப் படிந்துவிட்டது. ஆனால் இன்னொருவன் தப்பை என் தப்பென்று சொல்லி அவனைக் காப்பாற்றும் சந்தர்ப்பம் எனக்கும் இரண்டு மூன்று முறை வந்தது. அவரைப்போல் கையைத் தூக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.