அக்கரைப் பிள்ளைகள்

விடியும் முன் விழுப்புரம் ஜங்ஷனுக்குள் நுழையும் ‘போட் மெயில்’ வண்டிக்குக் கரிப்புகையும் கருவாடும் கலந்த ஒரு வாடை இருந்தது. ரயில்வே குடியிருப்பில் பாயில் படுத்திருக்கும்போதே அது மூக்கில் ஏறிவிடும். உடனே அடுத்த பாயில் இருக்கும் அஞ்சலை அத்தை எழுந்து, குங்குமம் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவாள். தெற்கிலிருந்து நீராவி எஞ்சினோடு வரும் வண்டிக்கு இங்கேதான் மின்சார எஞ்சின் மாட்டுவார்கள். அதைக் கழற்றி இதை மாட்டுகிற நேரந்தான் அத்தையின் நேரம். ஜன்னல் ஜன்னலாகப் போய், சிலோனிலிருந்து வருகிறவர்களிடம், அக்கரைத் துறையான தலைமன்னாரில் புருவத்தில் தழும்புள்ள ஓர் ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்பாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. அவள் புருஷன் தனுஷ்கோடி கப்பல் துறையில் மூட்டை ஏற்றி இறக்கும் ரயில்வே ‘கலாசி’. “அது ரயில்காரன் கட்டின ஊரு” என்று அத்தை பெருமையாகச் சொல்வாள். வெள்ளைக்காரன் காலத்து ரயில் கம்பெனி கடல் முழுக்கப் பாலம் போட்டுச் சிலோனுக்கே வண்டி விட ஆசைப்பட்டதாம். கட்டுப்படியாகாமல் போகவே, பாம்பனைத் தாண்டி மணல் முனைவரைக்கும் தண்டவாளத்தை நீட்டி, அங்கே துறை கட்டிக் கப்பலை நிறுத்திக்கொண்டதாம். எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்புவரை போகலாம். தபாலாபீஸ், சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம் எல்லாமே அந்த ரயிலையும் கப்பலையும் நம்பி வந்தவை. கடலுக்கு மட்டும் யாரும் டிக்கெட் கொடுக்கவில்லை.

என் அண்ணன் பிறந்த மார்கழியில், அம்மாவின் பிரசவத்துக்குத் துணையாக அத்தை விழுப்புரம் வந்திருந்தாள். அப்போதுதான் புயல் வந்து, வந்த ரயிலையும் சேர்த்து, ஒரே இரவில் ஊரை வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போயிற்று. தனுஷ்கோடிக்கு யாரும் திரும்பவில்லை. மாமாவின் உடல் கிடைக்கவில்லை. கிடைக்காததையே அத்தை பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவர் கப்பலில் அக்கரைக்குப் போயிருப்பார் என்பது அவள் கணக்கு.

பிணம் கிடைக்காத சாவுக்கு எங்கள் பக்கத்தில் ‘வைக்கோல் ஆள்’ செய்வார்கள். வைக்கோலை மனித உருவமாகக் கட்டி, செத்தவரின் வேட்டியைச் சுற்றிக் கொளுத்தி, கருமாதி முடித்துத் தாலியை இறக்க வேண்டும். ஒவ்வொரு மார்கழியிலும் மாமாவின் பங்காளிகள் வைக்கோலோடு வந்தார்கள். அத்தை ஒவ்வொரு முறையும் அதைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டாள். கண்டமங்கலத்தில் மனைவியை இழந்த ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார். ‘அறுத்துக் கட்டுறது’ எங்கள் ஜனங்களுக்குப் புதிதல்ல. அப்பாவுக்கு அதில் கொள்ளை ஆசை. அக்கா ஒரு வீட்டில் ஒழுங்காகச் சோறு தின்ன வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு விடியலில் அத்தை தண்டவாளத்தைக் கடக்கும்போது ஷண்டிங் எஞ்சினில் அடிபடப் பார்த்தாள். அன்றோடு அப்பாவின் பொறுமை போயிற்று. சில நாள் கழித்து, சிலோன் தோட்டத்தை விட்டு வந்த ஒரு குடும்பம் விழுப்புரத்தில் இறங்கியது. அப்பா அந்த மனிதருக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கெஞ்சினார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்துவிட்டார் என்றால் அக்கா நம்பமாட்டாள்; வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று சொல்லுங்கள், ஆத்திரத்தில் தாலியைத் தானே கழற்றிவிடுவாள் என்றார். அந்த மனிதர் அத்தையிடம் அப்படியே சொன்னார். நம்பவேண்டுமே என்று, இரண்டு பெண் குழந்தைகளையும் தாமாகவே சேர்த்துவிட்டார்.

அத்தை தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“உசுரோட கீறாரு இல்ல, அது போதும்ங்க. புள்ளைங்களுக்கு இன்னா வயசு இருக்கும்?”

அவர் திகைத்து, என்னைப் பார்த்து, பெரியது இந்தப் பாப்பா உயரம் இருக்கும் என்றார்.

அன்றிலிருந்து அத்தை ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அப்பா ஜெயித்துவிட்டதாக நினைத்தார். மறுநாள் அவள் நெற்றியில் பொட்டு இன்னும் பெரிதாக இருந்தது. எனக்குப் பாவாடை தைத்தால் அக்கரையில் இருப்பதும் இந்த அளவு வளர்ந்திருக்கும் என்பாள். நான் வயதுக்கு வந்தபோது சுட்ட பணியாரத்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக மூடி வைத்தாள். எனக்கு அது பயமாக இருந்தது.

பிறகு அங்கே சண்டை மூண்டது, கப்பலும் நின்றது. ரேடியோவில் சிலோன் சேதி வந்தால் அத்தை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, பிறக்காத அந்தப் பிள்ளைகளுக்காக அழுதாள். பொறுக்கமாட்டாமல் அப்பா ஒருநாள், “அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தார்.

“நல்ல சேதின்னா சொல்லுடா தம்பி. இல்லன்னா வாணாம்” என்றாள் அத்தை.

அப்பா சொல்லாமலே செத்துப்போனார்.

இப்போது விழுப்புரத்தில் அந்த வண்டிக்கு எஞ்சின் மாற்றுவதில்லை. வந்த வேகத்தில் போய்விடுகிறது, வாடையும் இல்லை. தனுஷ்கோடி முனைவரை தார்ச்சாலை போட்டாயிற்று. ஜனங்கள் காரில் போய், இடிந்த ஸ்டேஷன் சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். போன மார்கழியில் அத்தையும் கண்மூடிவிட்டாள், பொட்டும் தாலியுமாக. ஆட்சேபிக்கப் பெரியவர்கள் எவரும் மிச்சமில்லை. “அக்கரையில கீற தங்கச்சிங்களுக்குச் சேதி சொல்லிடும்மா” என்பதுதான் என்னிடம் அவள் கடைசியாகச் சொன்னது.

சுடுகாட்டில் மகள் ஸ்தானத்தில் வாய்க்கரிசி போட என்னைக் கூப்பிட்டார்கள். என் பங்குக்கு ஒரு பிடி போட்டேன். பிறகு இன்னும் இரண்டு பிடி போட்டேன்.