மூணு லட்சம் ஓடின சிவப்புக் கார்

அம்பத்திரண்டு வயசுல நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். இதைச் சொன்னா யாரும் என் முகத்தைப் பார்க்கிறதில்ல, என் வீட்டுக்காரர் முகத்தைத்தான் பார்க்கிறாங்க. அவரு பாவம், தலையை ஆட்டிக்கிட்டு நிப்பாரு.

வீடு மாத்தளை டவுன்ல, எனக்கு வேலை கலேவெலயில ஒரு அரசாங்க ஆபீஸ்ல. இருபத்தாறு வருஷம் பஸ்லதான் போய் வந்தேன், அதுல பாதி கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டு. கடைசிப் பிள்ளையும் வேலைக்குப் போனதும், இனி எனக்குன்னு ஒரு வாகனம் வேணும்னு சொன்னேன். வீட்டுக்காரர் உடனே சரின்னுட்டாரு. அவரு மனசுல இருந்தது சின்ன வெள்ளைக் கார், ஓட்டோ கியர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இல்லையா, கறிக்கு உப்புப் போடுறதுன்னாலும் ரெண்டு தரம் யோசிக்கிற ஆளு.

நான் போய் விழுந்ததோ, டவுன்ல மிளகு, கராம்பு வியாபாரம் பண்ற ஹாஜியாரோட காருல. சிவப்பு, ரெண்டே கதவு, நிலத்தோட படுத்த மாதிரி உயரம். சுவிட்சைத் தட்டினா ஹெட்லைட் ரெண்டும் மேல எழும்பும். வலது பக்கத்து லைட் மட்டும் தூக்கம் கலையாத பிள்ளை மாதிரி கொஞ்சம் பிந்தித்தான் வரும். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்ச உடனேயே தெரிஞ்சுபோச்சு, இதைத்தான் வாங்கப்போறேன்னு.

"இடுப்பு வருத்தம் தங்கச்சி, உள்ளுக்கு ஏறினா இறங்க ஏலாது. இல்லாட்டி கொடுக்கவே மாட்டேன்," ன்னாரு ஹாஜியார். மீற்றர் மூணு லட்சத்துப் பன்னெண்டாயிரம் கிலோமீற்றர் காட்டுச்சு. "வல்லாஹி, மீற்றர்ல நான் கை வைக்கல்ல. ஆனா இந்தப் பெற்றோல் முள்ளு இருக்கே, அது சரியான பொய்க்காரன். டேங்க் காஞ்சு போனாலும் அரைவாசின்னே காட்டும். ஓடின கிலோமீற்றரைப் பார்த்து அடிச்சுக்கோங்க."

பழைய கார் விக்கிறவங்க மீற்றரைக் குறைச்சுட்டு விக்கிறது நம்ம பக்கத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச சங்கதி. உள்ளதை உள்ளபடி காட்டினதுதான் இந்தக் கார் செஞ்ச குத்தம். "குறைச்சே மூணு லட்சம்னா, உண்மையில அஞ்சு ஓடியிருக்கும்," ன்னாரு வீட்டுக்காரர். முள்ளைப் பத்திச் சொன்னேன். "அதெல்லாம் ஹாஜியார் விடுற கதை. முள்ளு நல்லாத்தானே நிக்குது?" ன்னுட்டாரு. கார் திருத்துற கராஜ் பாஸ் இன்னும் ஒரு படி மேல. சுத்தும்முத்தும் பார்த்துட்டு, "மிஸ், ஒரு லட்சத்துக்கு இறக்கித் தரட்டுமா? வீட்டுல சண்டை வராது," ன்னு சிங்களத்துல கிசுகிசுத்தாரு. என் வயசையும் சேர்த்து இறக்கித் தருவீங்களான்னு கேட்டேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சாரு.

கடைசியில வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டாரு. "ஒரே ஒரு தரம் நடுரோட்டுல நின்னுச்சுன்னா, அன்னைக்கே விக்கணும். சம்மதமா?"

"சம்மதம்," ன்னு வீறாப்பா சொல்லிட்டேன். உள்ளுக்குள்ள பயம்தான்.

அம்மன் கோயில்ல பூசை பண்ணி, நாலு டயருக்கும் தேசிக்காய் வச்சு நசுக்கி வீட்டுக்கு ஓட்டினேன். முன்னுக்குக் கட்டின தேசிக்காய் மிளகாய் மாலை, கார் அவ்வளவு பதிஞ்சு கிடந்ததால, ரோட்டைக் கூட்டிக்கிட்டே வந்துச்சு. அடுத்த பிரச்சினை சேலை. சேலையோட அதுல ஏறலாம், இறங்கிறது இருக்கே, ஐயோ! கொசுவத்தை ஒரு கையால அள்ளி, வலது காலை வெளியில வச்சு, கதவைப் பிடிச்சு ஒரு எம்பு. ஒரு கிழமை வீட்டு வாசல்லயே பழகினேன். அடுத்த வீட்டுக்காரங்க டிக்கெட் இல்லாம வேடிக்கை பார்த்தாங்க.

ஆனா அந்தக் காலைகள்! பலாபத்வெல தாண்டி கலேவெல ரோட்டுல திரும்பினதும் வளைவுக்கு மேல வளைவு. கியரை மாத்தினா கார் உறுமிக்கிட்டு ஏறும். பின்னுக்கிருந்து கராம்பு வாசம் வரும், ஹாஜியார் மூட்டை ஏத்தின பதினெட்டு வருஷத்து வாசம், எந்த ஷாம்பு போட்டும் போகல. ஸ்கூல் பிள்ளைங்க கை காட்டினா ஹெட்லைட்டைத் தூக்கிக் காட்டுவேன். பஸ்ல நான் நின்னுக்கிட்டுப் போன அதே ரோடு, அதே மரம். இவ்வளவு அழகா இருந்துச்சான்னு எனக்கே கோபம் வந்துச்சு. ஒவ்வொரு ஏத்தத்துலயும் மட்டும், "நின்னுடாதே என் ராசாத்தி," ன்னு ஸ்டியரிங்கைத் தடவுவேன். மூணு மாசம் ஒரு நாளும் நிக்கல.

ஒரு போயா, பௌர்ணமி லீவு நாள். தலைக்குக் குளிச்சிட்டு வெளிய வாறேன், போர்ட்டிகோ காலி. காரும் இல்ல, வீட்டுக்காரரும் இல்ல. ஒரு மணித்தியாலம் போய் போன் அடிக்குது.

"நான் உன் ஆபீஸ் ரோட்டுல, வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்குக் கிட்ட நிக்கிறேன்."

"எதுல போனீங்க?"

"அதுலதான்."

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சுன்னு சொல்ல ஏலாது. ஓடல, அவ்வளவுதான்."

போச்சு, எல்லாம் போச்சு, இன்னைக்கே விக்கணும். ஈரத் தலையோட அப்படியே உக்காந்துட்டேன். திடீர்னு ஒண்ணு உறைச்சுது. நாளைக்குக் காலையிலதான் நான் பெற்றோல் அடிக்கிறதா இருந்தேன்.

"பெற்றோல் முள்ளு எங்க நிக்குது?"

"அதெல்லாம் இருக்கு. அரைவாசி."

அம்மாடி, சிரிச்ச சிரிப்புல போன் கையிலயிருந்து விழுந்துடுச்சு. மூணு லட்சம் ஓடினேன்னு மீற்றர் உண்மையைச் சொன்னப்போ இவரு நம்பல. பொய்க்கார முள்ளை மட்டும் நம்பி மலையேறியிருக்காரு.

ஒரு கேன்ல பெற்றோல் வாங்கிக்கிட்டு த்ரீவீல்ல போய் இறங்கினேன். தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கிறவருதானே அந்தோனியார், என் ரெண்டையும் பத்திரமா வச்சிருந்தாரு. பொனட்டைத் திறந்து வச்சு, அஞ்சாறு பேரு சுத்தி நின்னு பெட்டரிங்கிறாங்க, பிளக்குங்கிறாங்க. நடுவுல என் வாத்தியார், பரீட்சையில கோட்டை விட்ட பிள்ளை மாதிரி. டேங்க்ல ஊத்தினேன், சாவியைத் திருப்பினேன். ரெண்டு இருமல், அப்புறம் உறுமல். நின்னவங்க கை தட்டினாங்க.

அவரு பக்கத்து சீட்ல ஏறி உக்காந்ததும் முகத்தை இறுக்கமா வச்சுக்கிட்டுச் சொன்னேன், "நடுரோட்டுல நின்னுடுச்சு. பேச்சுன்னா பேச்சு. இன்னைக்கே வித்துடுவோம்."

"ஏய், விசரா உனக்கு? காரு என்ன பிழை செஞ்சுச்சு? பிழை என்னோடது," ன்னு பதறிட்டாரு.

"அப்போ எதுக்குச் சொல்லாம எடுத்தீங்க?"

அவரு கண்ணாடிக்கு வெளிய பார்த்துக்கிட்டே சொன்னாரு. "இருபத்தாறு வருஷமா நீ வேலைக்குப் போறதைப் பார்க்கிறேன். ஒரு நாளும் சிரிச்சுக்கிட்டுப் போனதில்ல. இப்ப கேட்டைத் தாண்ட முந்தியே சிரிக்கிற. அதுக்குள்ள அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்கணும்போல இருந்துச்சு."

திட்டுறதுக்குன்னு வழி முழுக்கச் சேர்த்து வச்சிருந்தேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "பார்த்தீங்களா?" ன்னு மட்டும் கேட்டேன்.

"பலாபத்வெல தாண்டினதுமே பார்த்துட்டேன்."

காரைத் திருப்பினேன். இத்தனை வருஷத்துல எந்த வாகனத்துல ஏறினாலும் இந்த மனுஷன் வாயில வர்ற முதல் சொல் "மெதுவா"ங்கிறதுதான். முதல் ஏத்தம் வந்துச்சு. பெல்ட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பினாரு.

"மூணாவது கியரைப் போட்டு நல்லா அமத்து," ன்னாரு.

அமத்தினேன்.