புருல் அக்கா போட்ட சட்டம்

மலைமேல் சோங்கோல் ஏரிக்கரை மேய்ச்சல்வெளியில் கோடைதோறும் புருல் நடத்தும் பாலர் பள்ளிக்கு ஒரு சட்டம் உண்டு. பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர் உடனே குதிரையைத் திருப்பக் கூடாது. உள்ளே வந்து, ஒரு கிண்ணம் தேநீர் குடித்து முடிக்கும் நேரமாவது பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும். இருப்பது ஒரே ஒரு கம்பளிக் கூடாரம், அதற்குள் இத்தனை அதிகாரமா என்று மேய்ப்பர்கள் முணுமுணுத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? புருல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளுடைய அப்பா அவளை ஒருநாளும் தூக்கியதில்லை. கெட்டவர் அல்ல. வீட்டில் அவருடைய அப்பா இருந்தார், அவ்வளவுதான். பெரியவர் முன்னால் தான் பெற்றதைத் தூக்கிக் கொஞ்சுவது எங்கள் மலைப்பக்கம் வெட்கங்கெட்ட வேலை. தாத்தா கண்மூடியபோது புருல் தூக்கும் வயதைத் தாண்டியிருந்தாள். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. மலையடிவாரத்துக் கோச்கோர் ஊரில் பாலர் பள்ளிப் பயிற்சி எடுத்ததும், கல்யாணத்துக்குப் பிறகும் அதை விடாமல் பிடித்துக்கொண்டதும் அதனால்தான்.

அந்தக் கோடையில் சாதிர் கிழவரின் பேத்தி மீரிம் வந்து சேர்ந்தாள். நான்கு வயதாகியும் வாய் திறந்து நாலு வார்த்தை பேசாத பிள்ளை. மகனின் தலைப்பிள்ளை தாத்தாவுக்கு என்பது வழக்கம், கிழவர் அவளைத் தன் மகளாகவே வளர்த்தார். அவரைத்தான் அவள் அப்பா என்பாள். பெற்ற அப்பன் உலார் அவளுக்கு அண்ணன். தாய்க்கோ விடிந்ததிலிருந்து பெண்குதிரைகளிடம் பால் கறக்கவே பொழுது சரியாக இருந்தது.

முதல் நாள் உலார் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு நழுவப் பார்த்தான்.

"வேலை கெடக்கு அக்கா. ஆடு மலையேறிடுச்சு."

"ஏறின ஆடு தானா எறங்கும். உக்காருப்பா."

"என்ன பண்றதுன்னே தெரியலியே."

"சின்னதுல ஆட்டெலும்பு வெச்சு ஊரையே ஜெயிச்சியே, அதை ஆடு."

"எங்கப்பா பாத்தா..."

"ஒங்கப்பாவுக்குக் கூடாரத்துக்குள்ள கண்ணு கெடையாது."

தொப்பியைக் கழற்றிவிட்டு, தண்டனைக்கு உட்கார்ந்தவன் போல உட்கார்ந்தான். புருல் கொட்டிய ஆட்டு முட்டியெலும்புகளில் இரண்டைச் சுண்டித் தெறித்ததும் பழைய கை திரும்பிவிட்டது. மீரிம் சிரித்தாள். வாரங்கள் போகப் போக எலும்புக்கெல்லாம் பேர் வைத்தாள், தோற்றால் சண்டை போட்டாள். ஒருநாள், "நீ ஏன் வீட்ல ஆட மாட்டேங்கிற?" என்று கேட்டாள். உலார் அடுத்த ஆட்டத்துக்கு எலும்புகளை அடுக்கினான். மற்ற பிள்ளைகள் அப்பா என்று கழுத்தைக் கட்டுவதைப் பார்த்துப் பார்த்து, அவளும் ஒரு காலையில் அந்தச் சொல்லை அவனிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

அதையே வீட்டிலும் சொல்லிவிட்டாள். மறுநாள் மத்தியானம் கிழவரே குதிரையேறி வந்தார். உலார் பின்னால் தலை குனிந்து வந்தான்.

"நாளையிலிருந்து புள்ள வராது. எம் மகனுக்கு நீ வெட்கங்கெட்டதனம் சொல்லிக் குடுக்கிற."

புருல் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள். சாதிர் நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்துவார்கள். "பெரியப்பா, அவ இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கா. நீங்களே கேட்டிருப்பீங்க."

"கேட்டேன். கேட்டுத்தான் வந்தேன்."

குரல் கேட்டு மீரிம் வெளியே ஓடிவந்தாள். குதிரைக்குட்டிகளைக் கட்டும் கயிறு தடுக்கிக் குப்புற விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது. கிழவர் இறங்கிக் கை நீட்டினார். பிள்ளை அந்தக் கைகளைத் தாண்டி ஓடி, "அப்பா" என்று உலாரின் காலைக் கட்டிக்கொண்டது.

உலார் அசையவில்லை. தன் அப்பாவைப் பார்த்தான். தூக்கித் தொலையேன் என்று புருலின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

சாதிர் மெல்ல முதுகைத் திருப்பிக்கொண்டார். இறுக்கமாகவே இருந்த சேணத்து வாரை அவிழ்த்து, மறுபடி நிதானமாகக் கட்டினார். கட்டி முடிக்கையில் பிள்ளை மகனின் தோளில் இருந்தது. மகனும் அழுதுகொண்டிருந்தான்.

"நாளைக்கும் இவனே கொண்டாரட்டும்," என்றார் கிழவர், யாரையும் பார்க்காமல். "ஒன் சட்டத்துக்கெல்லாம் என் முட்டி மடங்காது."

தோளிலிருந்து மீரிம் எட்டிப் பார்த்தாள். "நீயும் வா தாத்தா."

இதுவரை அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கிழவர் வாரை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

"வரேன்," என்றார் பிறகு.