டீமேக்கர் ஐயாவின் ஞாயிற்றுக்கிழமைப் பேய்

1. வந்த வாரமே

எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சராகச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வந்த முதல் நோயாளிக்கு என்ன வியாதி என்று என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தாலும் தோட்டத்தில் இன்னும் வெள்ளைக்காரத் துரைதான். மருந்துச்சாலை என்பது ஒரு மேசை, ஓர் அலமாரி, மழைக்கு ஒழுகும் ஒரு கூரை. தோட்டத்து லொறியில் வந்திறங்கிய நான்கு பேர் ஒரு பெரிய உடம்பைத் தூக்கி வந்து என் பெஞ்சில் கிடத்தினார்கள்.

அவர் டீமேக்கர் சூசை ஐயா. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோருக்கு அவர்தான் ராஜா. அதட்டினால் ரோலர் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அப்படிப்பட்டவர் மனைவியின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "வெளிச்சத்த அணைங்க, வெளிச்சத்த அணைங்க" என்று முனகினார். வெளிச்சம் என்று அவர் சொன்னது சூரியனை. அதை அணைக்க டிஸ்பென்சருக்கு அதிகாரம் இல்லாததால் ஜன்னலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டேன்.

"என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"பேய்ங்க" என்றார் தூக்கி வந்தவர்களில் மூத்தவரான கறுப்பையா கங்காணி. "மாத்தளை வேதக்கோயில்ல சாம்பிராணி போட்ட ஒடனே ஆட ஆரம்பிச்சிருச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இப்பிடித்தான்."

"ஆடலங்க" என்றார் மனைவி பிலோமினா அம்மா. "வாந்திதான் எடுத்தாரு."

"எடுத்தது அவரா, அதுவா?" என்றார் கங்காணி.

அஸ்பிரின் கொடுத்தேன். அதையும் வாந்தியெடுத்தார். ஈரத்துணியை நெற்றியில் இறுக்கிக் கட்டிவிட்டு, எல்லாரையும் வெளியே துரத்தினேன். சாயங்காலம் எழுந்தவர், ஒன்றுமே நடக்காதவர் போல ரொட்டி கேட்டார்.

மறுநாள் தனியாக உட்கார வைத்து விசாரித்தேன். முதலில் மழுப்பினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். "மொதல்ல கொட்டாவி கொட்டாவியா வரும். அப்பறம் கண்ணோரத்துல ரம்பப் பல்லு மாதிரி ஒரு வெளிச்சம் மினுங்கும். எதிர்ல இருக்கறவங்க பாதி ஆளாத்தான் தெரிவாங்க. நேத்துப் பூசையில சாமியாரு பாதிதான் இருந்தாரு. அது போனதும் தலையில ஒரு பக்கம் மட்டும் இடிக்கும். நான் போட்ட தேத்தூள் வாசம் எனக்கே கொமட்டும். நெசத்தச் சொல்லுங்க மருந்தையா, எனக்குப் பைத்தியமா, இல்ல அவனுங்க சொல்றதுதானா?"

அவ்வளவு பெரிய ஆளின் கண் கலங்கியதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. "ரெண்டும் இல்ல. இதுக்கு ஒத்தைத் தலைவலின்னு பேரு. இங்கிலீஷ்ல மைக்ரேன். வந்தா ஆளப் போட்டு வாட்டும், கொல்லாது" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

2. அண்ணன் போனான், தம்பி இருக்கிறான்

நான் சொன்ன பேர் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எடுபடவில்லை. "வெள்ளக்காரப் பேரு வச்சா பேய் போயிருமா?" என்று கறுப்பையா கங்காணி கேட்டார். அடுத்த வாரம் நாள் முழுக்கக் கொழுந்து குவிந்ததில் சூசை ஐயா சாப்பாட்டை மறந்து நின்று, ஸ்டோரிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கங்காணி நேராகப் போய்ப் பேயோட்டும் கோடாங்கி முனியாண்டியை அழைத்து வந்துவிட்டார்.

தலைவலிக்காரன் ஒருவனுக்குச் செய்யக்கூடாதது எதுவோ அது அத்தனையும் முனியாண்டி செய்தார். முகத்துக்கு நேரே சாம்பிராணிப் புகை. அதில் ஒரு பிடி மிளகாய். காதோரமாக உடுக்கு. "யாரு நீ? எங்கருந்து வந்த?" என்று அதட்டல். "நான் டீமேக்கர்டா, நாசமாப் போறவனே" என்று சூசை ஐயா அழுதார். பேய் பொய் சொல்கிறது என்று இன்னும் இரண்டு பிடி மிளகாய் விழுந்தது. கடைசியில் வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. அப்படியே சுருண்டு தூங்கிப் போனார். எழுந்தபோது வலி இல்லை.

வாந்தியும் தூக்கமும் வந்தால் இந்த வலி இறங்குவது வழக்கம்தான். ஆனால் பேர் முனியாண்டிக்குப் போனது. ஒரு சேவலும் போனது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மறுபடியும் வந்தது. முனியாண்டி கொஞ்சமும் அசரவில்லை. "போனது அண்ணங்காரன். தம்பிக்காரன் உள்ளுக்குத்தான் இருக்கான்" என்றார். அதோடு விஷயம் முற்றியது. பேய்க்காரரோடு நிற்கமாட்டோம் என்று ஸ்டோர் ஆட்கள் ஒரு நாள் வேலைக்கு வரவில்லை. வாட்டு மாடியில் கொழுந்து சிவந்து வீணாய்ப் போனது.

துரை என்னையும் சூசை ஐயாவையும் ஒபீஸுக்குக் கூப்பிட்டார். அவருடைய தமிழ், கட்டளை போட மட்டும் கற்றுக்கொண்ட தமிழ். "மருந்தையா! பேய் பேர் செக்ரோல்ல இருக்கா?"

"ஆள் பேர் எழுதற அந்தப் புத்தகத்துல இல்லைங்க துரை."

"பேர் இல்லாத ஆள் என் ஸ்டோர்ல நிக்கக் கூடாது. ரெண்டு ஞாயிறு பாக்கும். பேய் போகணும். போகல்லே, டீமேக்கர் போகணும்."

இருபது வருட வேலை, குவாட்டர்ஸ், பிள்ளைகளின் படிப்பு எல்லாமே இரண்டு ஞாயிறுக்குள் அடங்கிவிட்டது. வெளியே வந்த சூசை ஐயா நேரே ஸ்டோருக்கு நடந்தார். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

3. சைவக்காரன் பூசைக்குப் போனது

வாரத்தில் எப்போதாவது வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் தவறாமல் வருகிறது? அதைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று அடுத்த ஞாயிறு அவரோடு நானும் கிளம்பினேன். நான் சைவக்காரன். கோயிலுக்குள் எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காலில் இருப்பது என்று தெரியாமல் எல்லாருக்கும் ஒரு படி பின்னாலேயே இருந்தேன்.

பார்த்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை ஸ்டோரில் வேலை அதிகம் என்று ராச்சாப்பாட்டைத் தொடாமல் படுத்திருக்கிறார். பூசையில் நன்மை என்கிற நற்கருணையை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீரும் பல்லில் படக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். விடிந்ததும் குறுக்குப் பாதையில் இறக்கம். பிறகு பஸ். ஜன்னலுக்கு வெளியே மரங்களுக்கு நடுவே வெயில் கண்ணில் வெட்டி வெட்டி அடித்தது. அப்புறம் பாட்டுப் பூசை, நீண்ட பிரசங்கம், அதற்கு மேல் சாம்பிராணி. சாப்பிட்டுவிட்டு வந்த எனக்கே தலை கிறுகிறுத்தது. பேய் எதற்கு?

பிரசங்கத்தின் நடுவில் அவர் கொட்டாவி விட ஆரம்பித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மருந்தையா, ஒங்க பாதி மூஞ்சியக் காணோம்" என்றார்.

வெளிச்சம் தெரிகிற அந்த நேரம்தான் மாத்திரைக்கு நேரம். வலி ஆரம்பித்த பிறகு கொடுத்தால் வயிறு ஏற்காது. கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து அஸ்பிரினையும் தண்ணீர் போத்தலையும் நீட்டினேன்.

"தண்ணி குடிச்சா நன்மை வாங்க ஏலாது" என்றார்.

"வேல போயிரும் ஐயா!"

"போனாப் போவட்டும். பேய் புடிச்சவன்னா நாலு பேரு பாவம்னுவாங்க. வயித்த நெரப்பிட்டு நன்மை வாங்குனவன்னா சிரிப்பாங்க."

இந்தப் பிடிவாதத்துக்கு என் அலமாரியில் மருந்து கிடையாது. அன்றும் லொறியில்தான் தூக்கிப் போனோம். போகுமுன் சாமியாரிடம் ஓடி விஷயத்தைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "விடியக்காலையில மொதல் பூசை ஒன்னு இருக்குதே. பாட்டும் இல்ல, சாம்பிராணியும் இல்ல, பிரசங்கமும் சுருக்கம். அதுக்கு யாரும் வாறதில்ல, அதான் சுருக்கம்" என்றார்.

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

கடைசி ஞாயிறுக்கு முதல் நாளே சூசை ஐயாவை, மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் இருந்த அவருடைய மைத்துனர் வீட்டுக்குக் கிளப்பிக்கொண்டு போனேன். சோறும் பருப்பும் கருவாடும் வைத்து, படுக்கப் போகுமுன் வயிறு முட்டச் சாப்பிட வைத்தேன். நேரத்துக்குத் தூங்க வைத்தேன். விடியும் முன்பே முதல் பூசை. கதவோரத்து பெஞ்ச். கறுப்பையா கங்காணி ஸ்டோர் ஆட்களை அழைத்துக்கொண்டு பேய் பார்க்க வந்திருந்தார். எல்லாரும் கோயில் வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள். உள்ளே நான் கொட்டாவி வருகிறதா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்தது. சூசை ஐயா நிமிர்ந்து நடந்து வந்தார். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "என்னடா, ஸ்டோர்ல யாரு?" என்று அதட்டினார். பிறகு நேரே எதிர்க்கடைக்குப் போய் அப்பமும் கட்டச் சம்பலும் சாப்பிட ஆரம்பித்தார். நெடுநேரம் நிறுத்தவில்லை. கங்காணியின் முகத்தில் இருந்த ஏமாற்றத்தைப் பார்த்து நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். பிலோமினா அம்மா மட்டும் அழுதார்.

வேலை தப்பியது. ஸ்டோரிலும் வேலை மும்முரத்தில் பட்டினி கிடக்கக்கூடாது என்று பிலோமினா அம்மா ரொட்டியும் பிளேன்டீயும் நேரம் தவறாமல் அனுப்பினார். வலி அடியோடு போகவில்லை. வெளிச்சம் மினுங்கினால் உடனே மாத்திரையைப் போட்டுக்கொண்டு இருட்டறையில் படுப்பார், எழுந்து வருவார். யாரும் கோடாங்கியைத் தேடவில்லை.

4. பின்கதவு

ஆனால் தம்பிக்காரனையும் ஓட்டியது தானே என்று முனியாண்டி சொல்லித் திரிந்தார். தூரத்திலிருந்தபடியே மந்திரித்தாராம். எனக்கு வயிறு எரிந்தது.

கொஞ்ச நாளில் மருந்துச்சாலையின் பின்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் முனியாண்டி. துண்டால் ஒரு கண்ணை மூடியிருந்தார்.

"யாருக்கும் சொல்லிராதீங்க டொக்டர் ஐயா. நேத்து கீழ் லயத்துல பூசை. பாதியில கண்ணுல ரம்பம் மாதிரி மினுங்குச்சு. இப்ப ஒரு பக்கம் மட்டும் மண்ட பொளக்குது. அந்தத் தம்பிக்காரன் எம்மேல ஏறிட்டானோ?"

மிளகாய்ப் புகை போடலாமா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். நாற்காலியில் உட்கார வைத்து, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, இளைய டிஸ்பென்சர்களுக்கு நான் இன்றும் சொல்லிக்கொடுக்கும் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"முந்தாநேத்துங்க. பூசைன்னா வெரதம்ல? சாப்பிட்டுட்டு உடுக்கத் தொட்டா சனம் சிரிக்காதா?"

மாத்திரை கொடுப்பதற்கு மட்டும் படித்தால் போதும் என்று நினைத்துத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். உள்ளே போய் என் பகல் சோற்றை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். சாப்பிட வைக்க ஒரு மணி நேரம் ஆனது.