மாப்பிள்ளையின் அடிப்படை உரிமை

கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்கிற மனிதர் எங்கள் மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில், திருவெறும்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அந்தக் காட்சியை நானே கண்ணாரப் பார்த்தேன். அப்பேர்ப்பட்டவர் டெக்ஸாஸில் கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறார் என்று மகள் போனில் சொன்னதும் முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த வீட்டில் என் பேத்தி இருக்கிறாள், நான்கு வயது. மகள் இரண்டாவது முறையாக உண்டாகியிருந்தாள். பிரசவம் பார்க்க நான் போவதாக ஏற்பாடு.

"துப்பாக்கி அந்த வீட்ட விட்டு வெளிய போனாத்தான் நான் உள்ள வருவேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

"நீ வரலன்னா எனக்கு இங்க யாரும்மா இருக்கா?" என்று மகள் அழுதாள். ஆனால் வாயை விட்டாயிற்று. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் சமூக அறிவியல் எடுத்து, பெஞ்சு மேல் ஏறச் சொன்னவனை இறங்கச் சொல்லியே பழக்கமில்லாத பிறவி நான்.

என் வீட்டுக்காரராவது என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அவர் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அத்தனை வருஷம் துப்பாக்கி செய்தும் வீட்டுக்கு ஒரு திருகாணிகூட வந்ததில்லை. தொழிற்சாலை கேட்டில் உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஆயுள் முழுக்க லட்டு பிடித்தும் ஒன்றைக்கூட வாயில் போடாத மனிதர் அவர். விஷயத்தைக் கேட்டதும், "என்ன மேக்காம்? வீடியோ கால் போடச் சொல்லு, பாப்போம்" என்று மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். அன்று ராத்திரி ரசத்தில் நான் உப்புப் போடவில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையிடமிருந்து குரல்பதிவு வந்தது. "அத்தை, இது என் இஷ்டத்துக்குப் பண்ற காரியம் இல்ல. இந்த ஊர் அரசியல் சட்டம் மக்களுக்குக் குடுத்திருக்கற உரிமை."

உரிமையா? யாரிடம்? ஒன்பதாம் வகுப்புக்கு அடிப்படை உரிமைகள் பாடத்தை நான் நடத்திய விதத்தில் பையன்கள் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். சரி, பார்த்துவிடுவோம் என்று நானும் உட்கார்ந்து படித்தேன். அந்த ஊர்ச் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் மொத்தமே ஒரு வாக்கியம்தான். முன்பாதி, சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான மக்கள் படை தேவை என்கிறது. பின்பாதி, ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையில் கைவைக்கக் கூடாது என்கிறது. முன்பாதியைப் பிடித்துக்கொண்டவர்கள், இது படைக்காகச் சொன்னது, உன் வீட்டு பீரோவுக்காக இல்லை என்கிறார்கள். பின்பாதியைப் பிடித்துக்கொண்டவர்கள், மக்கள் என்றால் நான்தான் என்கிறார்கள். நெடுங்காலம் கோர்ட்டுகள் முன்பாதிப் பக்கமே சாய்ந்திருந்தன. 2008இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் பின்பாதிப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த உரிமை எதற்காக வந்தது என்பதிலும் அடிதடி. கொடுங்கோல் அரசை எதிர்க்க என்கிறது ஒரு கட்சி. அடிமைகளை அடக்கி வைக்கும் காவல் படை கலைந்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம் என்கிறது இன்னொரு கட்சி. போதாக்குறைக்கு இப்போது, எந்தத் துப்பாக்கிச் சட்டமானாலும் பழைய வழக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று நீதிபதிகள் பழைய ஏடுகளைப் புரட்டுகிறார்களாம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரே சிரிப்பு. "மாப்பிள்ளை, இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க? கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமான்னு வழக்கு நடத்தின ஜனங்க நீங்க. பழைய வழக்கம் என்னன்னு கோர்ட்டுல கேக்கறது உங்களுக்குப் புதுசா?" என்று பதில் அனுப்பினேன். அவர் ஸ்ரீரங்கத்து வைஷ்ணவர், கோவிலைச் சுற்றியே வளர்ந்த குடும்பம்.

அடுத்து வந்தது கொஞ்சம் பலமான அடி. "அத்தை, வெள்ளைக்காரன் சட்டம் போட்டு நம்ம ஜனங்க கையிலேருந்து ஆயுதத்தைப் பிடுங்கினான். சுதந்திரம் வந்தப்பறமும் நாம அதைத் திருப்பிக் கேக்கலியே" என்றார். மனுஷர் படித்திருக்கிறார். நானும் மறுபடி புத்தகத்தைப் புரட்டினேன். நம் அரசியல் நிர்ணய சபையிலும் ஒருவர் அந்த உரிமையைக் கேட்டுப் பார்த்திருக்கிறார், மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நம் சட்டத்தின் பத்தொன்பதாவது பிரிவு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைத்தான் தருகிறது. "எங்க சட்டத்துல கூட்டம் கூடறதா இருந்தாலே வெறுங்கையோட வான்னு இருக்கு மாப்பிள்ளை. தேர்தல் வந்துட்டா லைசென்ஸ் துப்பாக்கியைக்கூட ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கணும். நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்றேன். "இது வேற ஊர் அத்தை" என்று முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்குத்தான் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

பெற்றவள் சொன்னால் கேட்பார் என்று ஒரு நாள் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். சம்பந்தியம்மா உத்தர வீதியில் இருக்கிறார். காபி கொடுத்து உட்கார வைத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பெருமாளே சங்கு சக்கரம் தரிச்சுண்டுதானே சேவை சாதிக்கறார்? சக்கரத்தாழ்வாருக்குத் தனி சன்னதியே இருக்கே" என்றார்.

"சன்னதியிலதான் இருக்கு சம்பந்தி, வீட்டு அலமாரியில இல்லையே. அதுவுமில்லாம, உள்ள படுத்திருக்கிற பெரிய பெருமாள் கையில ஒண்ணும் காணோமே? நிம்மதியாத் தூங்கறவங்களுக்கு ஆயுதம் எதுக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேக்கும் பயமாத்தான் இருக்கு. குழந்தை நடமாடற ஆத்துல இதை வெச்சிருக்கான். சொன்னா, பெட்டியில பூட்டித்தான் வெச்சிருக்கேங்கறான்" என்றார். இரண்டு தாய்மார்கள் சேர்ந்தும் ஒன்றும் நடக்கவில்லை. பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் போனில் என்னோடு அளந்துதான் பேசினாள். டிக்கெட் போடாமல் நானும் வீம்பாக இருந்தேன். உள்ளுக்குள் நொந்துபோயிருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது. அவர்கள் சாயங்காலம் பூஜை முடித்து அனுப்பிய போட்டோ நமக்கு விஜயதசமி காலையில் வந்து சேர்ந்தது. தரையில் ஒரு மணைப்பலகை. அதன் மேல் லேப்டாப், கார் சாவி, காய் நறுக்கும் கத்தி, பேத்தியின் படப்புத்தகம். நடுநாயகமாக அந்தத் துப்பாக்கி, சந்தனம் குங்குமத்தோடு, பிடியின் மேல் ஒரு சாமந்திப்பூவும் வைத்துக்கொண்டு. காபி எனக்குப் புரை ஏறியது.

உடனே போன் போட்டேன். "பூட்டித்தான் வச்சிருக்கேன்னு உங்கம்மாகிட்ட சொன்னீங்களே? அதை முதல்ல எடுத்து உள்ள வைங்க."

"பூஜையில வச்சதை மறுநாள் புனர்பூஜை ஆகாம எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே அத்தை சொல்லுவீங்க?" என்றார். நையாண்டி இல்லை, நிஜமான பக்தியோடுதான் சொன்னார். "குண்டெல்லாம் கழட்டிப் பெட்டியில பூட்டியாச்சு. இப்ப அது வெறும் இரும்பு."

"அவர் சொல்றது சரிதான். குண்டு இல்லன்னா அதுவும் ஒண்ணுதான், கரண்டியும் ஒண்ணுதான்" என்று என் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து ஒத்து ஊதினார். இரண்டு பேரும் நன்றாக இருங்கள் என்று எழுந்து போய்விட்டேன்.

சாயங்காலம், அங்கே விஜயதசமி காலை, வீடியோ கால் வந்தது. புனர்பூஜை முடிந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ச் செம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்து, நானும் என் வீட்டுக்காரரும் காபியோடு உட்கார்ந்திருந்தோம். பேத்தி பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு நின்றாள். பூஜையில் வைத்த புத்தகத்தை எடுத்துக் குழந்தைகள் ஒரு வரி படிக்க வேண்டிய நாள் அது.

"கண்ணு, சாமிகிட்ட வச்சதுல உனக்குப் பிடிச்சத எடுத்துட்டு வந்து தாத்தாகிட்ட காட்டு" என்றார் இவர்.

அவள் ஓடினாள். திரும்பி வந்தபோது இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தாள். சாமந்திப்பூ கீழே விழுந்தது. எங்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று போனுக்கு நேராக நீட்டினாள். திரையில் குங்குமமும் ஒரு கறுப்பு ஓட்டையும் மட்டும்தான் தெரிந்தன.

நான் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதுதான் சரி. பக்கத்தில் ஏதோ சரிந்து விழும் சத்தம் கேட்டது. திரும்பினால் இவருடைய நாற்காலி காலியாக இருந்தது. மேஜைக்கு அடியில் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்திருந்தார்.

அதற்குள் மகள் குழந்தையின் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டாள். "அத்தை, குண்டு..." என்று ஆரம்பித்த மாப்பிள்ளை, காலி நாற்காலியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இவர் மேஜை விளிம்பைப் பிடித்து மெதுவாக எழுந்தார். வேட்டியெல்லாம் காபி.

"குண்டு இல்லன்னு எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. தெரிஞ்சிருந்தும் குனிஞ்சுட்டேன்" என்றார்.

என்னிடம் பத்தொன்பதாவது பிரிவு இருந்தது, நாமம் இருந்தது, பெருமாள் இருந்தார். ஒன்றையும் நான் எடுக்கவில்லை. இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே துப்பாக்கி கடைக்குத் திரும்பிப் போனது. "பெட்டியில இப்ப பாஸ்போர்ட்தான் இருக்கு அத்தை, டிக்கெட் போடட்டுமா?" என்று மாப்பிள்ளையே கேட்டார். போடுங்க என்றேன். நாரத்தங்காய் ஊறுகாயும் பிரசவ லேகியமுமாகப் போய் இறங்கினேன். பேரன் பிறந்தான். மகள் இப்போது என்னை முன்போலவே அதட்டுகிறாள், அதனால் நிம்மதியாக இருக்கிறேன்.

தினமும் காலையில் திருவெறும்பூரிலிருந்து இவர் கூப்பிடுகிறார். பேத்தி அதை ஒரு விளையாட்டாக ஆக்கிவிட்டாள். கையில் வாழைப்பழமோ சீப்போ கிடைத்ததைப் போனுக்கு நேராக நீட்டி, "தாத்தா, குனி" என்கிறாள். அவரும் முட்டி வலியோடு குனிகிறார். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. மாப்பிள்ளை மட்டும் அந்த நேரத்தில் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.