சவக்காலையில் வைத்த நாகதாளி

பூமரம் வைக்க வேண்டிய இடத்தில் அம்மா நாகதாளியை வைத்தார். ஊரில் சிலர் சிரித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கும் அப்போது வெட்கமாகத்தான் இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற மணல் ஊர் எங்களுடையது. என் தங்கச்சி நடை பழகிய கையோடு காய்ச்சலில் போய்விட்டாள். மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சவக்காலையில் அவளைப் புதைத்து, அப்பா ஒரு மரச்சிலுவை நட்டார். அடுத்த மாரிக்குள் அதைக் கறையான் தின்று முடித்தது. சீமெந்தில் கல்லறை கட்ட எங்களுக்கு வழியில்லை. அடையாளம் இல்லாத இடத்தை வெறும் நிலம் என்று நினைத்து, அடுத்த குழியை அங்கேயே வெட்டிவிடுவார்கள். அம்மாவின் பயமெல்லாம் அதுதான். செவ்வரத்தைப் பூச்செடி வைத்துப் பார்த்தார், ஆடு கடித்தது. குரோட்டன் வைத்தார், மாடு மிதித்தது.

பிறகு ஒருநாள் களுதாவளைப் பக்கம் போய்வந்தபோது, ஒரு நாகதாளி மடலைச் சாக்குத்துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். தட்டையான மடலும் முள்ளுமாய்ச் சப்பாத்துக்கள்ளி என்பார்களே, அதுதான். உடனே நடவில்லை. வெட்டுவாய் காயும்வரை குசினிக்குப் பின்னால் நிழலில் போட்டு வைத்தார். பச்சைக் காயத்தோடு நட்டால் அழுகிவிடுமாம்.

“நாகதாளியையா புள்ளைக்கு வைக்காய்?” என்று பெரியம்மா கேட்டார்.

“ஆடு தின்னாது. ஆக்களும் மிதிக்க மாட்டாங்க,” என்றார் அம்மா.

மற்றப் பெண்கள் செம்பில் தண்ணீர் கொண்டுபோவார்கள். அம்மா கொண்டுபோனது அடுப்புச் சாம்பல். மடல்களில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைப் பூச்சி பிடிக்கும். சாம்பல் தொட்ட துணியால் அதைத் துடைக்க வேண்டும். நசுங்கினால் பூச்சி இரத்தச் சிவப்பாய்க் கசியும். அம்மாவின் விரல்கள் சிவந்து போயிருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. சுணைமுள் ஏறிய கையோடு வீட்டுக்கு வந்து, விளக்கு வெளிச்சத்தில் ஊசியால் கிண்டிக்கொண்டிருப்பார். ஒரு நாளும் அதைப்பற்றி முறைப்பட்டதில்லை.

செடி என் இடுப்பளவு வளர்ந்தது. மஞ்சளாய்ப் பூத்து, சிவப்பாய்ப் பழுத்தது. வேலியோரத்து நாகதாளிப் பழத்தை மணலில் புரட்டிச் சுணை போக்கித் தின்று வாயைச் சிவப்பாக்குகிற பிள்ளைகள்தான் நாங்கள். இந்தச் செடியில் மட்டும் கைவைக்கவில்லை. கொஞ்ச காலத்தில் ஊராரே, “நாகதாளிக்கு இஞ்சால எங்கட அப்பா” என்று தங்கள் ஆட்களுக்கு அதைக் குறியாகச் சொல்லத் தொடங்கினார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

மரித்தோர் திருநாளுக்கு முதல் நாள் இளந்தாரிகள் கூடிச் சவக்காலையைத் துப்புரவாக்குவது எங்கள் ஊர் வழக்கம். புல் செருக்கி, மேடு பள்ளம் தட்டி, மேலே வெள்ளை மணல் பரப்புவார்கள். ஒரு வருடம் அப்பா வாவிக்கு அக்கரையில், வயல் வட்டையில் விதைப்பு வேலையில் நின்றார். அம்மா தம்பியைப் பெற்றுக் கிடந்தார். திருநாளன்று பின்னேரம், பிள்ளை பெற்ற உடம்போடு, யார் தடுத்தும் கேளாமல் மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

சவக்காலை கடற்கரைபோல் வெள்ளையாய்ச் சமமாய்க் கிடந்தது. நாகதாளி இல்லை. மண்மேடும் இல்லை.

“கிழவியள் வெறுங்காலோட வருவாங்க, முள்ளுக் குத்திப்போடும் எண்டுதான் அக்கா வேரோட கிண்டி எடுத்தம்,” என்றான் அங்கே நின்ற ஒரு பொடியன். நல்ல மனசோடுதான் செய்திருக்கிறார்கள். அதனால் யாரையும் திட்டவும் முடியவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

அம்மா திரியைக் கொளுத்தினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மெழுகு விரலில் வழிந்தது. “என்ட புள்ள எங்க கிடக்காள்?” என்று என்னைத்தான் கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

அப்பா வந்து கோயில் சுவரிலிருந்து காலால் அளந்து பார்த்தார். ஒருநாள் “இதுதான் இடம்” என்றார். மறுநாள் “இல்ல, இஞ்சால” என்றார். பிறகு அளப்பதை விட்டுவிட்டார்.

அந்த மாரி முடிந்தபோதுதான் பார்த்தோம், வெட்டுப்பட்ட துண்டுகளெல்லாம் முளைத்திருந்தன. வேலியோரம் எறிந்தவை, மணலோடு மிதிபட்டவை, கல்லறைகளுக்கு நடுவே தெறித்து விழுந்தவை என்று எங்கு பார்த்தாலும் நாகதாளி. தங்கச்சியின் இடத்தைக் காட்டத்தான் அம்மா அதை வளர்த்தார். இப்போது அது எல்லா இடத்தையும் காட்டியது.

ஒன்றையும் பிடுங்க அம்மா விடவில்லை. “ஒண்டுக்குக் கீழ எண்டாலும் இருப்பாள்தானே,” என்றார். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் சாம்பல் தடவினார். திருநாளில் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு திரி வைத்தார். மனுஷிக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அம்மா எங்களுக்குச் சோறு போட்டார், தம்பியைப் பள்ளிக்கு அனுப்பினார், வழக்கம்போல் எங்களோடு சண்டையும் பிடித்தார். அவர் புத்தியில் ஒரு பிசகும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் அம்மா பாயில் விழுந்தார். பிள்ளைக்குப் பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும் என்று எத்தனையோ தரம் சொல்லியிருந்தவர், கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு வேறொன்று சொன்னார்.

“எனக்குக் குழி வெட்டக்குள்ள தள்ளி வெட்டச் சொல்லு மகள். தெரியாமப் புள்ளட மேல மண்வெட்டிய வச்சிருவாங்க.”

யாரையும் அதுவரை புதைத்திராத கடற்கரைப் பக்க மூலையில் வெட்டினோம். பக்கத்தில் கிடக்க ஆசைப்பட்ட தாய், பிள்ளையைக் கிளறிவிடக் கூடாதென்று தனியே கிடக்கிறார். எவ்வளவு தூரத்தில் என்று கேட்டால், அதுவும் எனக்குத் தெரியாது.